துள்ளாத வெட்டுக்கிளி

ஜெகதீசனுக்குப் பூச்சி ஆகாது. பாம்பைக் கண்டால் நின்று பார்ப்பான். கரப்பானைக் கண்டால் கட்டில்மேல் ஏறிவிடுவான். முப்பத்தாறு வயது ஆள். விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில் கீழே ஜெராக்ஸ் கடை, மேலே குடியிருக்க ஓர் அறை. இப்படிப்பட்டவன் ஒரு நாள் சென்னைக்குப் போய், உயிருள்ள பூச்சியைத் தவிர வேறு எதையும் தின்னாத ஒரு பல்லியை வாங்கி வந்தான். பல்லிமேல் இருந்த ஆசையால் இல்லை. திண்டிவனத்தில் இருந்த சுதீஷ்மேல் இருந்த வயிற்றெரிச்சலால்.

சுதீஷ் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் பெரிய தொல்லை. ஜெகதீசன் சென்னையில் ஏழு வருடம் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன். அமெரிக்காவில் பகலில் எவனுக்கோ வருகிற சந்தேகத்துக்கு இவன் இங்கே ராத்திரியில் பதில் சொன்னான். மகள் ஆர்த்தி தவழ்ந்ததும் நடந்ததும் பேசியதும் இவன் தூங்கிக்கொண்டிருந்த பகல்களில் நடந்து முடிந்தன. மனைவி தமிழ்மணி ஒரு நாள் குழந்தையோடு திண்டிவனத்துக்கு, தாய்வீட்டுக்குப் போனாள். சண்டைகூட இல்லை. சண்டை போட அவன் விழித்திருந்தால்தானே. அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். விவாகரத்து முடிந்ததும் கடைக்காரர் சுதீஷையே கட்டிக்கொண்டாள். சுதீஷ் செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். வெங்காயம் பூண்டு இல்லை, கிழங்கு இல்லை, பொழுது இறங்கினால் சாப்பாடு இல்லை. அதற்கப்புறம்தான் ஜெகதீசன் ஷிப்டை விட்டுவிட்டு ஊர் திரும்பினான். எதற்காக விட்டானோ அது ஏற்கெனவே வேறு வீட்டுக்குப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சுதீஷ் தன் வெள்ளைக் காரில் ஆர்த்தியைக் கொண்டுவந்து விடுவார். நாலு மணிக்கு வந்து அழைத்துப் போவார். வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பதால் நாலு மணி. ஒரு நாளும் தவறியதில்லை. ஒரு நாளும் காரை விட்டு இறங்காமல் ஹாரன் அடித்ததில்லை. மாடி ஏறி வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, “கெளம்பலாமா” என்று கேட்பார். அந்த மரியாதையைக் கேட்கும்போதெல்லாம் ஜெகதீசனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மகளோடு உட்கார்ந்து ஒரு ராத்திரிச் சாப்பாடு. ஆர்த்திக்கு ஒன்பது வயது. முன்பு ஷிப்ட் குறுக்கே நின்றது, இப்போது சுதீஷ் வீட்டுச் சூரியன் நிற்கிறது. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட நடக்கவில்லை. தெருமுனைப் பரோட்டாக் கடையில் எட்டு மணிக்கு யாராவது ஒரு தகப்பன் தன் பிள்ளைக்குப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருப்பான். ஜெகதீசன் பார்சலை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பாமல் வந்துவிடுவான். ஒரு ராத்திரி தங்கட்டும் என்று வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தான் பெற்ற பெண்ணை இன்னொருவரிடம் கேட்டு வாங்குவதா என்ற வீம்பு.

ஆனி மாதம் ஆர்த்தியின் பிறந்தநாள் வந்தது. சுதீஷ் சைக்கிள் வாங்கித் தந்தார். கியர் வைத்தது. அதை ஆர்த்தி மூன்று ஞாயிறு விடாமல் சொன்னாள். நாலாவது ஞாயிற்றுக்கு முன்பு ஜெகதீசன் பல்லியைப் பற்றி போனில் வீடியோ பார்த்தான். கெக்கோ என்று பேர். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, கொழுத்த வால், சிரிக்கிற மாதிரி வாய். இருட்டிய பிறகுதான் தின்னும். துள்ளுகிற, நெளிகிற உயிரைத்தான் தின்னும். இதைக் கேட்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். அந்த வீட்டில் எறும்புக்கு வழி விட்டு நடக்கிறவர்கள் இதை வைத்துக்கொள்ள முடியாது. பல்லி விழுப்புரத்தில்தான் இருக்கும். அது தின்பதைப் பார்க்க வேண்டும் என்றால் ஆர்த்தி சாயங்காலமே வந்து ராத்திரி தங்கியாக வேண்டும்.

கணக்கு பிசகவில்லை. ஆர்த்தி அதற்கு பூந்தி என்று பேர் வைத்தாள். சுதீஷின் அம்மா, பூச்சியை உயிரோடு போடுவது என்றால் அது இந்த வாசப்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமை ஐந்து மணிக்கு வந்து ஞாயிறு காலை போவது என்று ஏற்பாடு ஆயிற்று. ஜெகதீசன் அன்றைக்கு வேண்டுமென்றே சுதீஷுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தான்.

மற்ற ஆறு நாளும் பூந்திக்கு யார் ஊட்டுவது என்பதை மட்டும் அவன் யோசித்திருக்கவில்லை.

சென்னைக் கடைக்காரன் பஸ் பார்சலில் சிள்வண்டு அனுப்புவான். டப்பாவின் மூடியில் ஊசித்துளைகள். உள்ளே முட்டை அட்டையின் மடிப்புகளில் நூறு கால்கள் உரசும் சத்தம். ஜெகதீசன் டப்பாவைக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே பக்கெட்டில் குளித்தான். ஏழு மணி ஆனால் ஊட்டும் நேரம். முழங்கை வரை பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, நீளமான இடுக்கியால் ஒன்றைப் பிடிப்பான். அது காலை உதைக்கும். அந்த உதை இடுக்கி வழியாக விரலுக்கு வரும், விரலிலிருந்து தோளுக்கு வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடித் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போய் வாந்தி எடுப்பான். பூந்தி அவசரப்படாது. தலையைச் சாய்த்து, வால்நுனியைப் பூனைபோல ஆட்டி, ஒரே கவ்வு. நறுக்கென்று சத்தம் கேட்கும். அதன் பிறகு ஜெகதீசனுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது. ஒரே மாதத்தில் ஐந்து கிலோ இளைத்தான்.

மகளும் அவன் நினைத்தபடி வரவில்லை. முதல் சனிக்கிழமை எட்டு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிப் பிரித்து வைத்தான். ஆர்த்தி தமிழ்மணி கட்டிக் கொடுத்த டிபன் கேரியரை ஐந்தே முக்காலுக்கே திறந்து சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்திருந்தாள். ஒரு வாய் சாப்பிடச் சொன்னதற்கு, “இருட்டுனப்பறம் நாங்க சாப்பிட மாட்டோம்ப்பா” என்றாள். நாங்க என்ற சொல்லை அவன் ராத்திரி முழுக்க மென்றுகொண்டிருந்தான்.

போதாததற்கு அவள் பூச்சிக்கும் பயப்படவில்லை. ஜெகதீசன் பையை மாட்டிக்கொண்டு படும் பாட்டைப் பார்த்துச் சிரித்தாள். சுதீஷப்பா கையிலேயே பிடிப்பாராம். கடையில் கரப்பான் வந்தால் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி, தெருவைத் தாண்டிக் காலி மனையில் கொண்டுபோய் விடுவாராம். டம்ளர் இல்லாவிட்டால் உள்ளங்கையில் மூடிக்கொண்டு போவாராம். கை கூசாதா என்று கேட்டதற்கு, அதுக்குத்தான் நம்மளப் பாத்தா பயம் என்றாராம். கொல்ல மாட்டேன் என்பவருக்கு அருவருப்பு இல்லை. தினம் நாலைக் கொல்லக் கொடுப்பவன் வாந்தி எடுக்கிறான். இதில் எது மேல் என்று ஆர்த்தி சொல்லவில்லை. அவள் முகத்தில் தெரிந்தது.

ஆவணி இரண்டாம் வாரம் பார்சல் வரவில்லை. கடைக்காரனுக்குச் சரக்கு இல்லை. வியாழன், வெள்ளி பூந்தி பட்டினி கிடந்தது. சனிக்கிழமை ஆர்த்தி வரும்போது போட ஒன்றும் இல்லாமல் போனால், அடுத்த வாரம் அவள் எதற்கு வர வேண்டும்? சனிக்கிழமை மத்தியானமே ஜெகதீசன் கடையை மூடிவிட்டு கெடாருக்கு பைக்கை விட்டான். அங்கே அவன் தாய்மாமன் சுப்பராயலுவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை இருந்தது, வேர்க்கடலை நிலம். மாமா ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. யாரைக் கேட்க வேண்டும், சொந்த மாமன் கொல்லை. ஊறுகாய் பாட்டிலோடு இறங்கினான்.

வரப்போரம் எங்கு பார்த்தாலும் வெட்டுக்கிளி. அவன் பயந்த மாதிரி எதுவும் மேலே பாயவில்லை. இலைமேல் உட்கார்ந்திருந்தன. ஒன்றிரண்டு மண்ணில் சாய்ந்து காலை மெதுவாக நீட்டி மடக்கின. குச்சியால் தள்ளினால் பாட்டிலுக்குள் விழுந்தன. ஒன்றைத் துணிந்து விரலால் தொட்டுப் பார்த்தான். உதைக்கவில்லை. வெயிலுக்குச் சோர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இத்தனை நாள் படாத பாடு பட்டோமே, இவ்வளவு சாதுவான பூச்சி கெடாரிலேயே இருக்கிறதே என்று அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி வரும்போது பாட்டு முணுமுணுத்தான்.

அன்றைக்கு ராத்திரி ஏழு மணிக்கு அவன் பை மாட்டவில்லை, இடுக்கி எடுக்கவில்லை. ஆர்த்தி தொட்டியின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜெகதீசன் வெறும் கையால் ஒரு வெட்டுக்கிளியைத் தூக்கி உள்ளே வைத்தான். முகத்தைத் திருப்பவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. ஆர்த்தி வாயைப் பிளந்து பார்த்தாள்.

“எப்பப்பா கத்துக்கின?”

“இதுல கத்துக்க இன்னா இருக்குது” என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. பூந்தி மூன்றையும் தின்றது. அன்றைக்குத்தான் ஆர்த்தி அவன் கட்டிலில், அவன் கைமேல் தலை வைத்துத் தூங்கினாள். ஜெகதீசன் கை மரத்துப்போன பிறகும் அதை எடுக்கவில்லை. திண்டிவனத்தில் சுதீஷ் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்து, நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் ஆர்த்திதான் பார்த்தாள். பூந்தி வாயைத் திறந்தபடி கிடந்தது. எச்சில் நூலாக ஒழுகியது. பின்கால் இரண்டும் இழுத்து இழுத்து வெட்டின. கொஞ்சம் பொறு, சரியாகிவிடும் என்று ஜெகதீசன் இரண்டு மூன்று தடவை சொன்னான். ஆர்த்தி சுதீஷப்பாவைக் கூப்பிடச் சொன்னாள். அதெல்லாம் வேண்டாம் என்றான். எட்டு மணிக்கு கெடாரிலிருந்து போன் வந்தது. ஜெகதீசன் எழுந்து வெளியே மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினான்.

“டேய் ஜெகா, நேத்து கொல்லைல எறங்கினியாமே” என்றார் சுப்பராயலு. “செருப்பு போட்டுக்கினு எறங்கினியா? கை காலு கழுவினியா? நேத்து வெடியகாலந்தான்டா ஆளு வந்து சுருள்பூச்சிக்கு மருந்து அடிச்சிக்கினு போனான். ஆடு மாடே வுடல நான்.”

கழுவினேன் மாமா என்று சொல்லிவிட்டு வைத்தான். வெட்டுக்கிளி ஏன் துள்ளவில்லை என்று இப்போது தெரிந்தது. துள்ளுவதுதானே அவனுக்குப் பிடிக்காது. அதனால் துள்ளாததைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான். கொல்லையிலேயே அதிகமாக மருந்து குடித்ததை ஒவ்வொன்றாக எடுத்து பாட்டிலில் போட்டிருக்கிறான்.

உள்ளே வந்தபோது ஆர்த்தி அவனிடம் கையை நீட்டி போனை வாங்கினாள். பார்க்காமலே சுதீஷ் நம்பரின் பத்து எண்ணையும் அழுத்தினாள். தன் நம்பர் அவளுக்கு மனப்பாடமா என்று ஜெகதீசன் என்றைக்கும் கேட்டதில்லை. இப்போது கேட்கவும் தோன்றவில்லை.

சுதீஷ் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். நெற்றியில் சந்தனம் ஈரமாக இருந்தது. கோயிலிலிருந்து நேராக வந்திருக்கிறார். அவர்களுக்கு அது பத்து நாள் விரதம். ஒரு பொழுதுதான் சாப்பாடு, அதுவும் பூஜை முடித்து வீட்டுக்குப் போன பிறகு, பொழுது இறங்குவதற்குள். தவறினால் மறுநாள்தான். இதெல்லாம் ஆர்த்தி சொல்லித்தான் ஜெகதீசனுக்குத் தெரியும். சுதீஷ் தொட்டிக்குள் கைவிட்டு, பூந்தியை ஒரு துணியில் ஏந்தி எடுத்தார். எச்சிலைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். பாண்டிச்சேரியில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற ஒரு டாக்டர் இருக்கிறார், வழியிலேயே பேசிவிட்டேன், கடலூர் போயிருக்கிறார், மத்தியானம் வந்துவிடுவார் என்றார். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதற்கு ஜெகதீசன், “செரிக்கல போல” என்றான். நாற்பது கிலோமீட்டரும் அதையே நம்பி அவர் காரை ஓட்டினார். பின்சீட்டில் ஆர்த்தி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதற்கு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் வெண்ணிலா இரண்டு மணிக்கு வந்தார். பல்லியைத் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

“கடைசியா என்ன குடுத்தீங்க?”

ஆர்த்தி முந்திக்கொண்டாள். “வெட்டுக்கிளி. எங்கப்பாவே கையால புடிச்சது.”

டாக்டர் ஜெகதீசனைப் பார்த்தார். சொல்லாமல் விட்டால் பல்லி சாகும். சொன்னால், இனி இந்தப் பெண் இவன் கையால் எதையும் வாங்க மாட்டாள். நேற்று ராத்திரி அவள் தலை இருந்த கை இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருந்தது. சுதீஷ் சுவரோரம் நின்றார். அவர் முன்னால் சொல்ல வேண்டியிருப்பதுதான் எல்லாவற்றிலும் கசப்பாக இருந்தது.

“மருந்து அடிச்ச கொல்லைல புடிச்சது. எனக்குத் தெரியாது. காலைலதான் மாமா போன் பண்ணாரு.”

காலையிலேயே தெரியுமா என்று ஆர்த்தி கேட்கவில்லை. அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் ஊசியை எடுத்தார்.

வெளியே வராந்தாவில் இரண்டு ஆண்களும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுதீஷ் திட்டுவார் என்று ஜெகதீசன் காத்திருந்தான். திட்டினால் திருப்பித் திட்டலாம். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது நிறைய இருந்தது. சுதீஷ் எச்சில் துடைத்த கைக்குட்டையை நாலாக மடித்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்ல வெக்க முடியாதுன்னு தெரிஞ்சிதான இத வாங்கினீங்க” என்றார் கடைசியில். “வாங்கின அன்னிக்கே எனக்குத் தெரியும். தமிழ்மணிக்கும் தெரியும்.”

ஜெகதீசன் தரையைப் பார்த்தான்.

“ராத்திரி தங்க வெக்கணும்னா ஒரு போன் பண்ணியிருக்கலாம் ஜெகதீசன். அனுப்பியிருப்போம். இத்தினி பூச்சிங்களாவது உயிரோட இருந்திருக்கும்.”

குரலை உயர்த்தவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. நிஜமாகவே பூச்சிகளைத்தான் சொன்னார்.

நாலே முக்காலுக்கு டாக்டர் கூப்பிட்டார். பிழைத்துக்கொள்ளும் என்றார். இரண்டு நாள் ஒன்றும் கொடுக்கக் கூடாது. அதன் பிறகு தினம் ஒரு சின்ன பூச்சி, கையால் பிடித்து வாயருகே காட்ட வேண்டும். தொட்டியை விட்டு இடம் மாற்றக் கூடாது. தன்னிடமிருந்த சிள்வண்டு டப்பா ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். “துள்ளாத பூச்சிய மட்டும் எதுக்கும் குடுக்காதீங்க” என்றார். டப்பாவை அருகில் இருந்த சுதீஷிடம் நீட்டினார். சுதீஷ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “அத அவர் வாங்கிக்கட்டும்” என்றார்.

திரும்பும் வழி முழுக்க டப்பா ஜெகதீசன் மடியில் இருந்தது. நூறு கால்கள் உரசின. வேட்டியைத் துளைத்துக்கொண்டு வருகிற மாதிரி தொடை கூசியது. கண்டமங்கலம் பக்கம் வண்டிகள் நகரவில்லை. சுதீஷ் ஒரு தடவை முன்கண்ணாடி வழியாக மேற்கே பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. வளவனூர் தாண்டும்போது வெளிச்சம் போய்விட்டது. காலையில் குடித்த தண்ணீரோடு அவர் நாள் முடிந்தது. ஆர்த்திதான் பின்னாலிருந்து சன்னமாக, “சுதீஷப்பா, இருட்டிடுச்சு” என்றாள்.

வீட்டுக்கு வந்து பூந்தியைத் தொட்டியில் விட்டார்கள். அது மெதுவாக நடந்து தன் ஓட்டுத்துண்டுக்கு அடியில் போய்ப் படுத்தது. ஆர்த்தி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். இருந்துவிட்டுப் போ என்று சொல்ல ஜெகதீசனுக்கு இப்போது வாய் இல்லை.

சுதீஷ் அவள் தோளிலிருந்து பையை இறக்கி வைத்தார். “நாளைக்கு லீவுதான. அத நீ கூட இருந்து பாத்துக்க. நாளைக்கு சாயங்காலம் வர்றேன். அப்பாகூட சாப்புட்டுட்டுத் தூங்கு.”

“நீங்க சாப்பிடல. எனக்கும் வேணாம்.”

“அது என் விரதம். ஒனக்கு விரதம் கெடையாது. மத்தியானம் ரெண்டு வாழைப்பழம் தின்னதுதான்.” ஜெகதீசன் பக்கம் திரும்பினார். “அவளுக்குப் பசிக்கும். சூடா எதாவது வாங்கிக் குடுங்க.” செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

எட்டு மணிக்கு ஜெகதீசன் பரோட்டா வாங்கி வந்தான். தரையில் செய்தித்தாளை விரித்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒன்பது வருடமாக அவன் வேண்டியது இதுதான். அவன் பிய்த்துப் போட்டான், அவள் சாப்பிட்டாள். பசியில் வேகமாகத்தான் சாப்பிட்டாள். நடுவில் ஒரு தடவை, அவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பாரா என்று கேட்டாள். சேர்ந்திருப்பார் என்றான். பிச்சை போட்ட சோறு மாதிரி இருந்தது அவனுக்கு. இருந்தும் சாப்பிட்டான்.

டப்பாவின் மூடி காரில் எங்கோ நெகிழ்ந்திருக்க வேண்டும். ஒரு சிள்வண்டு சுவரோரமாக வந்து செய்தித்தாளின் விளிம்பில் ஏறி நின்றது. மீசையை ஆட்டியது. ஆர்த்தி எழுந்து டம்ளரைத் தேடப் போனாள். அது துள்ளி ஜெகதீசனின் பார்சல் இலைமேல், சால்னாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவன் உடம்பு முழுக்க எழுந்து ஓடப் பார்த்தது. அவன் ஓடவில்லை. வலக்கையை வீசி மூடிப் பிடித்தான். உள்ளங்கைக்குள் அது உதைத்தது. கால் முள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்தியது. நசுக்காமல், விடாமல், எழுந்து போய் டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினான்.

ஆர்த்தி டம்ளரும் அட்டையுமாக நின்றுகொண்டிருந்தாள். டாக்டரிடமிருந்து வந்த பிறகு முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“சுதீஷப்பா மாதிரியே புடிச்சிட்டப்பா” என்றாள்.

ஜெகதீசன் குழாயடியில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினான். பிறகு வந்து உட்கார்ந்து, சிள்வண்டு விழுந்த பரோட்டாவை ஒதுக்கிவிட்டு, மீதியைச் சாப்பிட்டு முடித்தான்.